உட்கார வைக்கும் வித்தை

"உன் தங்கச்சி கணக்குல கோட்டை விட்டுட்டா. இந்த வருஷம் தேறலைன்னா மறுபடியும் அதே வகுப்புதானாம்" என்றாள் அம்மா, தையல் மெஷினை நிறுத்தாமலேயே.

சோபாவில் மல்லாந்து போன் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். மூன்று வருடம் கல்லூரி விடுதியில் இருந்துவிட்டு, ஒரு பேப்பரை அரியர் வைத்துக்கொண்டு வீடு திரும்பியிருந்தவன். அதை எழுதச் சொன்னால், "எனக்கும் படிப்புக்கும் ஒத்து வராதும்மா" என்று திரும்பிப் படுத்துவிடுவான். தங்கை எட்டாவதா ஒன்பதாவதா என்பதே அவனுக்கு யோசித்தால்தான் ஞாபகம் வரும். ஆனால் புத்திமதி சொல்வதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"படிக்கிறதுக்கு ஒரு முறை இருக்கும்மா. அது இவளுக்குத் தெரியலை. என்கிட்ட விடு, நான் பார்த்துக்கறேன்."

"நீயா?"

"ஏன், எப்படிப் படிக்கணும்னு எனக்குத் தெரியாதா?"

தெரியும். செய்ததில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலமே சாப்பாட்டு மேசையில் வகுப்பு ஆரம்பமானது.

"முதல்ல போனைத் தூர வை. அது பக்கத்துல இருந்தா பாடம் மண்டையில ஏறாது."

"என்கிட்ட ஏதுண்ணா போன்? மேசையில இருக்கிறது உன்னோடது."

அண்ணன் முனகிக்கொண்டே போனைக் கொண்டுபோய் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு வந்தான்.

"கஷ்டமான பாடத்தை முதல்ல எடு. தினமும் இதே நேரம், இதே இடம். அரை மணி நேரம் அசையக் கூடாது. அப்புறம் எழுந்து தண்ணி குடி, கொஞ்சம் நட, மறுபடி வந்து உட்காரு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. நீ எங்க போற?"

"சோபாவுக்கு."

"நீ அங்க படுத்திருந்தா எனக்கும் படுக்கணும்னுதான் தோணுது. நீயும் இங்க உட்கார்ந்து ஏதாவது படிண்ணா. அப்பதான் என்னால உட்கார முடியும்."

வாண்டு சொன்னதிலும் நியாயம் இருந்தது. வீட்டில் தேடியதில் கைக்குக் கிடைத்தது அந்த அரியர் புத்தகம்தான். தூசி தட்டி விரித்து வைத்துக்கொண்டான். இரண்டு நாள் சும்மா பக்கம் புரட்டினான். அப்புறம்தான் சிக்கல் வந்தது.

"படிச்சதைப் புத்தகத்தை மூடிட்டு சொல்லிப் பார்க்கணும்னியே. எப்படின்னு ஒரு தடவை நீ சொல்லிக் காட்டேன்."

அண்ணன் புத்தகத்தை மூடினான். வாயைத் திறந்தான். ஒரு வார்த்தை வரவில்லை.

"இன்னைக்குத் தலைவலி. நாளைக்குச் சொல்றேன்."

ஒன்பதாவது படிக்கிற பெண்ணிடம் தினமும் அசடு வழிய முடியுமா? விடியற்காலையில் எழுந்து, அம்மாவுக்குக்கூடத் தெரியாமல் ஒரு பாடத்தைப் படித்து முடித்தான். சாயங்காலம் கடகடவென்று ஒப்பித்தான். தங்கை கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "அடுத்த பாடமும் இப்படியே சொல்வியாண்ணா?" என்றாள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாளும் விடியலில் எழுந்தான்.

தங்கைக்குத்தான் கணக்கு எளிதில் வசப்படுவதாகத் தெரியவில்லை. சுலபமான கழித்தலில்கூடத் தப்பு செய்தாள். அவன் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி சொல்லிக்கொடுத்தான். இவள் எப்படித் தேறப்போகிறாளோ என்ற கவலையில் அவனுக்குச் சோறுகூடச் சரியாக இறங்கவில்லை. முன்பு மதியம் வரை தூங்கியவன், இப்போது வீட்டு வேலை, கடைக்குப் போவது எல்லாவற்றையும் சாயங்காலத்துக்கு முன்னால் முடித்துவிட்டு மேசைக்கு வந்துவிடுவான்.

"இவ்வளவு படிச்சாச்சு. அந்தப் பேப்பரைத்தான் எழுதிப் பாரேன்" என்றாள் அம்மா ஒருநாள்.

எழுதினான். பாஸாகிவிட்டான். செய்தி வந்ததும் அம்மா மெஷினை நிறுத்திவிட்டு அவன் தலையைக் கோதிக்கொண்டே அழுதாள். ஆனால் அவனுக்குத் தலைகால் புரியாமல் போனது அடுத்த வாரம்தான்.

"அண்ணா, நானும் கணக்குல தேறிட்டேன்."

"அப்படிப் போடு. நாளைக்கு வந்து உன் டீச்சரைப் பார்த்து ரெண்டு வார்த்தை பேசணும்."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம்ணா."

கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் அவனே கிளம்பிப் போனான். ஆசிரியர்கள் அறையில் கணக்கு டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தங்கையின் பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான்.

"அவ எப்படித் தேறினான்னு உங்களுக்கே ஆச்சரியமா இருந்திருக்கும் மிஸ். தினமும் நான்தான் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்."

டீச்சர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அவளா? ஆறாவதுலேர்ந்து கணக்குல அவதானே முதல் மார்க்."

அண்ணன் தங்கையின் பெயரை வகுப்போடு சேர்த்து இன்னொரு தடவை சொன்னான்.

"அவளேதான். நல்லவேளை நீங்க வந்தீங்க, கேட்கணும்னு இருந்தேன்" என்றார் டீச்சர். "வீட்டுல ஒரு மக்குப் பையன் இருக்கான் மிஸ், புத்தகத்தைத் தொடவே மாட்டேங்கறான், அவனை எப்படி உட்கார வைக்கிறதுன்னு அவளும் உங்க அம்மாவும் வந்து யோசனை கேட்டுட்டுப் போனாங்க. அந்தப் பையன் தேறிட்டானா?"

அண்ணன் தன் இஸ்திரிச் சட்டையைக் குனிந்து பார்த்தான். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது.

"தேறிட்டான் மிஸ்."