செங்கமலத்தின் மழைச் சோதனை

"வெளியே வாங்கக்கா! ஈரம் பாக்குற கருவி சிவப்பு காட்டுது, சுவரு—"

"என் சுவரைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"ஈரம் குடிக்குதுக்கா!"

"குடிக்கட்டும். மண்ணுன்னா குடிக்கும், வெயில் வந்தா விட்டுடும்."

சோதனை அதிகாரி நிலோஃபர் வாசலில் குடையோடு நின்று கத்தினாள். கொத்தனார் செங்கமலம் உள்ளே பாய் விரித்துப் படுத்திருந்தாள். அவள் கட்டிய ஐந்து மாடி மண்வீட்டின் மேல் மூன்று நாளாகச் செயற்கை மழை கொட்டியது. வீடு தாங்கினால்தான் முப்பது குடும்பங்கள் குடியேற அனுமதி.

மாலையில் மழையை நிறுத்தினார்கள். கருவி சிவப்பாகவே இருந்தது. நிலோஃபர் உள்ளே வந்து சுவரில் உள்ளங்கையை வைத்தாள். ஒரு விரிசல் இல்லை. கை காய்ந்தே வந்தது.

செங்கமலம் பாயைச் சுருட்டினாள்.

"சிமென்டுக்குச் செஞ்ச கருவி அது, தாயி. என் சுவருக்கு நீ கையெழுத்துப் போடு."