ரோசம் வரணும்ல?

கம்பம் ஊரிலிருந்து, கல்யாணத்துக்கு மைக் செட் பேசி ஜேசுராஜிடம் அட்வான்ஸ் கொடுக்க வந்த சுருளிவேல், எடுத்த நோட்டுகளை மறுபடி சட்டைப்பைக்குள் திணித்தார். கடை வாசலில் நின்ற ஆட்டோவில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அலறியது.

"ஜேசுராஜ் கடை! மூணு வருசச் சொத்து வரி பாக்கி! கட்டாவிட்டால் ஜப்தி!"

கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. ஜேசுராஜ் கொதித்துப்போய் வெளியே வந்தார்.

"நிறுத்துங்க சார்! மூணு வருசமா உங்க ஆபீசுக்கு நாயா அலையிறேனே, தெரியாதா?"

"பாக்கி வச்சவுகளுக்கு ரோசம் வரணும்ல? அதுக்குத்தான்," என்று சிரித்தார் ஆட்டோவில் இருந்த பில் கலெக்டர் முத்துராஜா.

"வந்துருச்சு. மைக்கை இங்கன குடுங்க."

பிடுங்காத குறையாக வாங்கி, தெருக்கோடி வரை கேட்கும்படி கத்தினார் ஜேசுராஜ்.

"பொதுமக்களே! போலியோ சொட்டு மருந்து அறிவிப்புக்குன்னு பொய் சொல்லி, இந்த மைக் செட்டை நேத்து எங்கிட்டதான் வாங்கிட்டுப் போனாக. இப்படி வாங்குனதுக்கெல்லாம் மூணு வருசமா வாடகையே தரலை, நம்ம முல்லைக்கரைப்பட்டி பேரூராட்சி! அதைக் குடுத்தா வரியக் கட்டிருவேன். பாக்கி வச்சவுகளுக்கு ரோசம் வரணும்ல?"