பேர் வேணாம்

"முகைதீன்பாவா எண்டு ஒரு துண்டுல எழுதித் தாங்க தங்கச்சி, போதும். மிச்சத்த நான் பாத்துக்கொள்றன்."

பிரதேச சபையின் தகவல் அலுவலர் தனுஷா பேனையைத் தொடவில்லை. எதிரே நௌஷாட் கொதித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கதிரையில் மனைவி ஸுஹைனா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடிதம் இவட பேருக்குத்தான் வந்த. சீதன வீடு, உறுதிப் பத்திரம் இவட பேருல. அதான் கூட்டி வந்த" என்றார் நௌஷாட்.

கட்டாரிலிருந்து வந்து அவர் ஆசை ஆசையாக மொட்டைமாடியில் கட்டிய புறாக்கூட்டை உடைக்கச் சொல்லிச் சபை கடிதம் அனுப்பியிருந்தது. அனுமதி இல்லாத கட்டடமாம், யாரோ முறைப்பாடு போட்டார்களாம். யாரோ என்ன யாரோ, பக்கத்து வீட்டு முகைதீன்பாவாதான்! அன்றிலிருந்து அந்த மனிதரின் சலாமுக்குக்கூட நௌஷாட் பதில் சொல்வதில்லை. மகளின் கலியாணத்துக்கும் அவருக்கு அழைப்பில்லை என்று முடிவாகிவிட்டது.

"முறைப்பாடு செய்த ஆள்ற பேரச் சொல்ல ஏலா நானா."

"தகவல் அறியும் சட்டம் இரிக்கிதானே?"

"அந்தச் சட்டத்திலதான் ஏலா எண்டு இருக்கு. தனிப்பட்ட விசயம்."

"வாங்க மச்சான் போவம். ஆர் போட்டா என்ன?" என்றாள் ஸுஹைனா. "நான் போய்ச் சோறாக்கணும்."

"சும்மா இரி புள்ள. புறாவெண்டா எனக்கு உசிரு, தெரியாதா?"

திடீரென்று நௌஷாட்டின் முகம் மலர்ந்தது. இன்னொரு விண்ணப்பத்தை வாங்கி அங்கேயே எழுதி நீட்டினார். 'முறைப்பாட்டாளருக்கும் புறாக்கூடு உள்ள வீட்டுக்கும் என்ன தொடர்பு?'

"பேர் வேணாம் தங்கச்சி. அயலவர் எண்டு வந்தாப் போதும். அங்கால வாவி, இங்கால முகைதீன்பாவா. வேற ஆரு இரிக்கா?"

தனுஷா சட்டப் புத்தகத்தைப் புரட்டினாள். இதைச் சொல்லக் கூடாதென்று அதில் எங்கும் இல்லை. உள்ளே போய்க் கோப்பை எடுத்து வந்தாள். ஸுஹைனா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"இரி, கேட்டுட்டுப் போவம்" என்று அவளைப் பிடித்து உட்காரவைத்தார் நௌஷாட்.

தனுஷா கோப்பைப் பார்த்து வாசித்தாள்.

"அயலவர் இல்ல நானா. வீட்டுச் சொந்தக்காரர்."