எமன் கொடுத்த வாக்கு

“எமன் மாமா, எங்கப்பாவையும் விட்டுருவீங்களா?”

போன வருடம் மறையூர்ப் பள்ளியில் சாவித்திரி நாடகம் முடிந்ததும் ஒரு சிறுமி இப்படிக் கேட்டாள். அவள் அப்பாவை வைத்தியர் கைவிட்டிருந்தார். எமன் வேடத்தில் இருந்த ஈஸ்வரமூர்த்தி மனம் கேளாமல், “விட்டுட்டேன், போ கண்ணு” என்று சொல்லிவிட்டார். அந்தப் பொய் வருடம் முழுக்க அவரை உறுத்தியது.

இந்த வருடம் நாடகக் குழுவின் ஜீப் அதே பள்ளியை நெருங்கும்போது, கரும்பு வெட்டும் அரிவாளோடு ஒருவன் வழிமறித்தான்.

“போன தடவை எமன் வேஷம் கட்டினது யாரு?”

“நாந்தானுங்க.”

“ஒரு புள்ளைக்கு வாக்குக் குடுத்தீங்கல்ல? தனியா வாங்க.”

“போகாதீங்ணா,” என்று டிரைவர் அலியார் கையைப் பிடித்தான்.

“சொன்னது நானுப்பா. பதிலும் நாந்தான் சொல்லோணும்.” முருகன் மேல் பாரத்தைப் போட்டு ஈஸ்வரமூர்த்தி இறங்கினார்.

ஜீப் கண்ணுக்கு மறையும்வரை அரிவாள்காரன் அவரை உள்ளே கூட்டிப்போனான். கரும்புக்காட்டின் நடுவில் நின்று அரிவாளைக் கீழே வைத்தான்.

“அந்த அப்பன் நாந்தாங்க. எமனே விட்டுட்டாருன்னு சொல்லிச் சொல்லி எம்மக கஞ்சி ஊட்டினா. அவ நம்பிக்கையக் கெடுக்க மனசில்லாமக் குடிச்சேன். எந்திரிச்சுட்டேன். பள்ளிக்கூடத்துல வச்சு உங்க கால்ல விழுந்தா, மத்த புள்ளைங்க அவளைக் கேலி பண்ணும். அதான் இங்க கூப்பிட்டேன்.”

பார்க்க ஆளில்லாத அந்த இடத்தில், அவன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.