ஒன்பதாவது சண்டை

"ம்... சண்டையை ஆரம்பிங்க!"

மகள் ரெக்கார்டரை அழுத்திச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் அம்மா. இரண்டு முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அவள் விடுதியில் தங்கி மொழியியல் படிக்கிறாள். அப்பாவின் தாய்மொழி வேறு, அம்மாவின் தாய்மொழி வேறு. ஆறு மாதத்துக்கு முன் அப்பா வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் வேலையை விட்டார். அன்றிலிருந்து பேச்சு கிடையாது, பேசினால் சண்டை. பெண் சும்மா இருப்பாளா? அதையே ஆய்வுத் தலைப்பாக்கிவிட்டாள். சண்டையில் யார், எப்போது, எந்த மொழிக்குத் தாவுகிறார்கள்?

பத்துப் பதிவு வேண்டும். இது ஒன்பதாவது.

"நடுவுல அவங்க சமாதானமாயிட்டா உன் பட்டம் அம்போ!" என்று பேராசிரியை எச்சரித்திருந்தார். பெற்றவர்கள் சண்டை நிற்கக் கூடாதே என்று தவிப்பது மகளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

"ஈரத் துண்டைக் கட்டில்மேல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" அம்மா தன் மொழியில் தொடங்கினாள்.

"முதல்ல உன் அலமாரியைப் போய்ப் பாரு!" அப்பா அவர் மொழியில்.

"அதை யாரைக் கேட்டுத் திறந்தீங்க?" அம்மா சட்டென்று அப்பாவின் மொழிக்குத் தாவினாள்.

மகள் பரபரவென்று குறித்துக்கொண்டாள். திட்டு உறைக்க வேண்டுமானால், வாங்குகிறவர் மொழியில்தான் திட்ட வேண்டும். அவளுடைய கண்டுபிடிப்பே அதுதான்.

"என் வீட்டுல நான் யாரைக் கேட்கணும்?"

"உங்க வீடா? அப்ப நான் யாரு, வாடகைக்கு வந்தவளா?"

இருபது நிமிடம் அனல் பறந்தது. கடைசியில் அப்பா எழுந்துபோய் அறைக்கதவை டமாரென்று சாத்திக்கொண்டார்.

மகள் ரெக்கார்டரை நிறுத்தினாள். மனசு கேட்கவில்லை.

"அம்மா, நான் வேணா அப்பாகிட்ட பேசிப் பார்க்கட்டுமா? ஆய்வு போனா போகட்டும்மா."

"உன் வேலையைப் பாருடி. அந்த மனுஷனுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை!"

மகள் கண் கலங்க வெளியே வந்தாள். வாசலில் குனிந்து செருப்பை மாட்டும்போது உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது.

"இந்தாங்க, வெந்நீர் குடிங்க. அப்படியா கத்துவாங்க, தொண்டை என்னத்துக்காகும்?" அம்மாவின் குரல். "இன்னும் ஒண்ணே ஒண்ணுதாங்க. பிள்ளை பாஸாகிற வரைக்கும் நாம ராசியானது அவளுக்குத் தெரியவே கூடாது. அடுத்த வாரம் எதை வச்சுச் சண்டை போடலாம்?"

"உன் அண்ணனை இழுக்கட்டுமா?"

"ஐயோ, வேணாம்! நிஜமாவே சண்டை வந்துடும்."