படித்துக் காட்ட வேண்டும்

"அடுப்பை அணைச்சீங்களான்னு கேக்குறா" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் நாற்காலியிலிருந்து எழுந்தார். சமையலறைக்குப் போய்க் குமிழைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வீட்டில் அவரையும், எதிரே மடியில் தாள்களோடு உட்கார்ந்திருந்த விரிவுரையாளரையும் தவிர வேறு யாரும் இல்லை.

"இப்பவும் குரல் கேட்டுச்சா ஐயா?"

"கேக்காம எதுக்கு எந்திரிக்கிறேன்? நீ படிம்மா."

அவள் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பிப்பவள். அவர் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியின் குரல் வீட்டுக்குள் கேட்கிறது என்று அவர் டாக்டரிடம் சொல்லப்போக, டாக்டர் அவளிடம் சொல்ல, போன மழைக்காலம் முழுக்க அவள் வந்து வந்து பேசி ஒரு கட்டுரை எழுதி முடித்திருந்தாள். அது அச்சில் வந்தால்தான் அவள் வேலை நிரந்தரமாகும்.

ஆய்விதழின் பழைய ஆசிரியர் இருந்திருந்தால் இந்நேரம் வந்திருக்கும். பேட்டி கொடுத்தவரின் ஒரு கையெழுத்து அவருக்குப் போதும். புதிதாகப் பொறுப்பேற்ற அம்மையாரோ வந்ததும் வராததுமாக விதியை மாற்றிவிட்டார். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவருக்கு, அவர் மொழியில், வரிக்கு வரி படித்துக் காட்ட வேண்டும். அவர் சரி என்றால்தான் அச்சு.

"இனிமே சோதனைக்கூட எலிகிட்டயும் படிச்சுக் காட்டணும் போல" என்று துறையில் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் மனைவியை இழந்த மனிதர் முன்னால் உட்கார்ந்து அந்த இழப்பை எப்படி வரிக்கு வரி படிப்பது?

முதல் நாள் அவர், "அவ போயிட்டாம்மா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கு மேல் அவள் எதையும் தோண்டவில்லை. சாவு என்ற பேச்சையே அந்த வீட்டில் அவள் ஒருநாளும் எடுத்ததில்லை.

இன்றைக்கு அவள் வருகிறாள் என்பதற்காக அவர் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு வரவில்லை. தாளில் "இறப்பு" என்று இருந்த இடத்திலெல்லாம் "பிரிவு" என்று மாற்றிப் படித்தாள். அம்மையாருக்குத் தெரிந்தால் தொலைந்தோம் என்று தோன்றியது. தெரியவா போகிறது?

"பிரிவுக்குப் பிறகு அவர் தனியாகவே சாப்பிடுகிறார். ஆளில்லாத அறையில் ரேடியோவை ஓடவிடுகிறார்."

"ஆமா. சத்தம் இருந்தாத்தானே வீடு."

அவளுடைய வாடகை அறையிலும் சாப்பிடும்போது டி.வி. ஓடிக்கொண்டுதான் இருக்கும். பார்க்கிறாளா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதையெல்லாம் கட்டுரையில் எழுத முடியுமா என்ன?

"மனைவி தன்னை அதட்டுவதாகக் கூறுகிறார்" என்று படித்தபோது அவர் கையைத் தூக்கினார்.

"அதட்டலைம்மா. முணுமுணுப்பு. அதட்டவெல்லாம் அவளுக்கு வராது."

அவள் பென்சிலால் திருத்திக்கொண்டாள். அடுத்த பத்திக்குப் போனாள்.

"அலமாரியில் மனைவியின் உடைகள் எதுவும் இல்லை. நினைவுகளைத் தாங்க முடியாமல் அவரே அவற்றை அகற்றியிருக்கக்கூடும்."

"நான் எதையும் எடுக்கலையே."

சொந்தக்காரர்கள் யாராவது வந்து அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இதைப் போய்க் கேட்டு அவரைக் கிளறுவானேன்? அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு மேலே படித்தாள்.

படித்து முடித்தபோது வெளியே வெயில் சாய்ந்திருந்தது.

"என்னைப் பத்தி இவ்வளவு தூரம் யாரும் யோசிச்சதே இல்லைம்மா" என்றார். "அவகூட யோசிச்சதில்ல. நல்லா இருக்கு. போட்டுக்கோ."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சம்மதத் தாளைத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினாள். வாங்கியவர், மூடியைக் கழற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஒரே ஒரு சந்தேகம்மா. இது அவ கண்ணுல பட்டுடாதே? இன்னும் நினைச்சுக்கிட்டு இருக்கேன்னு தெரிஞ்சா ரொம்பக் கூச்சமாப் போயிடும்."

இதற்குத்தான் அவள் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தாள். குரல் கேட்பது வேறு. ஆளே இருக்கிறாள் என்று நம்புவது வேறு. இப்படியே விட்டுவிட்டு எழுந்து போக அவளால் முடியவில்லை. அவர் கைமேல் தன் கையை வைத்து, மெல்லச் சொன்னாள்.

"ஐயா, இறந்து போனவங்க எப்படிப் படிப்பாங்க?"

மெக்கானிக் பேனாவை மூடிக் கீழே வைத்தார். அவள் மடியிலிருந்த தாள்களைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார், அவளுக்காகப் பரிதாபப்படுகிறவரைப் போல.

"அவ சாகலைம்மா. ரெண்டு தெரு தள்ளி, இன்னொருத்தர் வீட்டுல இருக்கா."