பக்ருதீனின் ஜாடி

ராயபுரத்தில் பக்ருதீன் இடித்து, சலித்து, நெய் சேர்த்து ஊறவைக்கும் மூக்குப்பொடிக்கு ஹார்பர் வரை கிராக்கி. ஆனால் விற்கிற சரக்கை அவர் போடமாட்டார். அவர் மூக்குக்குத் தனிக் கலவை. மேல் பலகையில் தனி ஜாடி. அன்றும் மனைவியிடம் கேட்டார்.

"மலிகா, நம்ம ஜாடி ஊறிச்சா?"

"இன்னும் ஊறலங்க."

"ரம்ஜானுக்கு முன்னாடி போட்டது. இன்னுமா ஊறல?"

"ஊறாத ஜாடியத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னதே நீங்கதான்."

முனகிக்கொண்டே தொழுகைக்குக் கிளம்பினார். திருவொற்றியூர்க் கடைக்குச் சரக்கு எடுக்க வந்திருந்த தம்பி ஜுபைருக்குப் பொறுக்கவில்லை. ஜாடியை இறக்கி மூடியைத் திறந்தான். காலி.

"இன்னா அண்ணி இது? பாவம், அவர இப்பிடியா ஏமாத்திகினு கீறீங்க?"

"நானா? இனிமே பொடி போட்டா உசுருக்கு ஆபத்துன்னு டாக்டரு சொன்ன அன்னிக்கே, அவரேதான் கடல்ல கொட்டிட்டு வந்தாரு. 'நான் தெனமும் கேப்பேன், நீ ஊறலன்னே சொல்லு'ன்னாரு."

வாசலில் செருப்புச் சத்தம். மறந்த தொப்பியை எடுக்கத் திரும்பிய பக்ருதீன், ஜுபைர் கையில் ஜாடியைப் பார்த்தார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னாடா, ஊறிச்சா?"

ஜுபைர் மூடியை அழுத்தி மூடினான்.

"இல்லண்ணே. இன்னும் டைம் ஆவும்."